வீட்டு டியூப் டிவியா, ஸ்டூடியோ மானிட்டரா? பழைய வீடியோ கேமுக்கு எது சரி? புதுச்சேரிக்காரர்களுக்கு மூன்றாவது வழியும் இருக்கு!

பழைய டியூப் டிவியை எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும்? காயலான் கடைக்காரர் பெரும்பாலும் சொல்லும் பதில், "வேணாம் சார், அதுல ஒண்ணும் தேறாது". ஆனால் அதே டியூப் குடும்பத்தில் பிறந்த இன்னொரு பெட்டிக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரம் டாலர், சில மாடல்களுக்கு அதற்கு மேலும் கொடுக்க ஆள் இருக்கிறது. இத்தனைக்கும் அந்தப் பெட்டியில் சேனல் பார்க்க ட்யூனர்கூட கிடையாது.

காரணம், ரெட்ரோ கேமிங். 80, 90களில் வந்த வீடியோ கேம்களை அன்றைய மெஷினிலேயே, அன்றைய திரையிலேயே ஆடிப் பார்க்கும் ஆசை. யூடியூப் பார்த்துப் பார்த்து இந்த ஆசை நம்ம ஊருக்கும் வந்துவிட்டது. கூடவே ஒரு பேச்சும் வந்திருக்கிறது: "பி.வி.எம் இல்லாம ஆடுறது வேஸ்ட்". பி.வி.எம் என்பது சோனி நிறுவனம் ஸ்டூடியோக்களுக்காகத் தயாரித்த டியூப் மானிட்டர் வரிசையின் பெயர்.

அப்படியென்றால் பரணில் கிடக்கும் ஒனிடா, சாலிடேர், டயனோரா எல்லாம் எதற்கும் ஆகாதா? 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி? நீங்கள் சின்ன வயசில் என்ன மெஷினில் ஆடினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ஒரு தனி வாய்ப்பும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எல்.இ.டி டிவி இருக்கும்போது டியூப் எதுக்கு?

டியூப் டிவியில் படம் மொத்தமாக ஒரே நொடியில் வருவதில்லை. பின்னால் இருக்கும் எலக்ட்ரான் கன், திரையின் உள்பக்கம் பூசிய பாஸ்பர் மீது கோடு கோடாக மேலிருந்து கீழே வரைந்துகொண்டே வரும். நம்ம ஊர் பால் முறையில் நொடிக்கு 50 தடவை இப்படி வரையும். சிக்னல் வந்த கையோடு கோடு விழுந்துவிடும். பட்டனை அழுத்தினால் மேரியோ உடனே குதிப்பார்.

எல்.இ.டி டிவி அப்படி இல்லை. வந்த படத்தை முதலில் உள்ளே சேமிக்கும், பிறகு தன் திரை அளவுக்கு இழுத்துப் பெரிதாக்கும், அதற்குப் பிறகுதான் காட்டும். நொடியின் சில நூறில் ஒரு பங்குதான் தாமதம். நாடகம் பார்க்கும்போது தெரியாது. குழிக்கு மேல் தாவும்போது நன்றாகத் தெரியும்.

இன்னும் எளிமையான சோதனை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து டிவி கேமோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கி ஞாபகம் இருக்கா? வாத்து சுடுவோமே, அதுதான். ட்ரிகரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் இருக்கும் சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். கறுப்பும் வெள்ளையும் சரியான நேரத்தில் வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எல்.இ.டி தாமதிப்பதால் எத்தனை தடவை சுட்டாலும் வாத்து பறந்துவிடும். டியூப் டிவியில் இன்றைக்கும் விழும், அது ஸ்டூடியோ மானிட்டராக இருந்தாலும் சரி, வீட்டு டிவியாக இருந்தாலும் சரி.

ஸ்டூடியோ மானிட்டர் என்றால் என்ன?

நம்மைப் போன்ற டிவி சேனல்களின் கன்ட்ரோல் ரூமில் சுவர் முழுக்க அடுக்கி வைத்திருந்த சின்னச் சின்னப் பெட்டிகளைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அவைதான். ஒளிபரப்பாகும் படத்தில் நிறம் சரியா, குறை இருக்கா என்று எஞ்சினியர் பார்ப்பதற்காகச் செய்தவை. சோனியின் பி.வி.எம், அதைவிட விலை உயர்ந்த பி.வி.எம்மின் அண்ணன் மாதிரியான 'பி' வரிசையான பிராட்காஸ்ட் மானிட்டர்கள், ஜே.வி.சி, பானசோனிக், இகெகாமி நிறுவனங்களின் மானிட்டர்கள் எல்லாம் இந்த வகை.

ஆஸ்பத்திரிகளிலும் இவை இருந்தன. எண்டோஸ்கோபி செய்யும்போது டாக்டர் பார்த்த திரை இதே மாதிரியான பெட்டிதான். ஒலிம்பஸ் பெயரில் வந்த சில மெடிக்கல் மானிட்டர்கள் உள்ளுக்குள் சோனி பி.வி.எம்தான், பெயர்ப்பலகை மட்டும் வேறு.

வீட்டு டிவியின் நோக்கமே வேறு. பத்தடி தள்ளி உட்கார்ந்து குடும்பமே பார்க்க வேண்டும், பளிச்சென்று இருக்க வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும். ஆன்டெனா சிக்னலில் இருக்கும் குறை தெரியாமல் மறைக்கவும் வேண்டும். குறையை மறைப்பது வீட்டு டிவியின் வேலை, குறையைக் காட்டிக்கொடுப்பது ஸ்டூடியோ மானிட்டரின் வேலை. மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

800 லைன், 300 லைன்... இந்தக் கணக்கு என்ன?

விளம்பரங்களில் "800 டிவி லைன் மானிட்டர்" என்று போடுவார்கள். பலர் இதைத் திரையில் மேலிருந்து கீழாக இருக்கும் கோடுகளின் எண்ணிக்கை என்று நினைக்கிறார்கள். அது இல்லை. படத்தின் உயரத்துக்குச் சமமான அகலத்துக்குள் எத்தனை செங்குத்துக் கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும் என்பதுதான் அந்த எண். சாதாரண வீட்டு டிவியில் இது 300 சொச்சம். பி.வி.எம் மாடல்களில் 600, 800. அதற்கும் மேல் போகும் மானிட்டர்களும் உண்டு.

இனி ஒரு சின்னக் கணக்கு. டியூப் திரையின் அகலம், உயரத்தைப் போல மூன்றில் நான்கு பங்கு. ஆகவே 300 லைன் டிவி, முழு அகலத்தில் சுமார் 400 புள்ளிகளைப் பிரித்துக் காட்டும். 800 லைன் மானிட்டர் 1,060 புள்ளிகளுக்கு மேல் காட்டும். சரி, நம் பழைய கேம் மெஷின் அனுப்புவது எத்தனை? நின்டெண்டோவின் ஃபேமிகாமும், அதைக் காப்பியடித்து வந்த நம்ம ஊர் டிவி கேம்களும் ஒரு வரிக்கு அனுப்புவது வெறும் 256 புள்ளிகள். செகா மெகா டிரைவ் அதிகபட்சம் 320.

அதாவது, மெஷின் கொடுப்பதைக் காட்ட வீட்டு டிவியின் டியூபே போதும். அப்போ 800 லைன் எதற்கு? அது புள்ளிகளின் ஓரத்தைக் கத்தி வைத்து வெட்டினாற்போலக் காட்டும். வரிக்கும் வரிக்கும் நடுவில் இருக்கும் கறுப்பு இடைவெளியையும் தெளிவாகக் காட்டும். இந்தக் கறுப்புக் கோடுகளுக்காகத்தான் வெளிநாட்டில் அத்தனை டாலர். அந்த அழகு நிஜம்தான், மறுக்க முடியாது. ஆனால் சின்ன வயசில் நாம் யாரும் அதைப் பார்த்ததில்லை என்பதும் நிஜம்.

உண்மையான வித்தியாசம் டியூபில் இல்லை, பின்பக்க சாக்கெட்டில்!

வீட்டு டிவியில் படம் மங்கலாகத் தெரிந்தால் உடனே டியூபைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி வயர்தான்.

90களில் டிவி கேமை ஆன்டெனா சொருகும் இடத்தில் சொருகி, சேனல் தேடிப் பிடித்தோம். இது ஆர்.எஃப். படம், நிறம், சத்தம் எல்லாம் ஒரே வயரில், ரேடியோ அலையாக. இருப்பதிலேயே மோசமான வழி இது. அடுத்து வந்தது ஏ.வி. மஞ்சள் பின்னில் படம், வெள்ளை, சிவப்பு பின்களில் சத்தம். ஆர்.எஃப்பை விட நல்லது, ஆனால் வெளிச்சமும் நிறமும் ஒரே மஞ்சள் வயரில் கலந்துதான் வரும். அதை டிவி திரும்பப் பிரிக்கும்போது கொஞ்சம் சிந்தும். சிவப்புச் சட்டையின் ஓரத்தில் நிறம் வழிவது அதனால்தான்.

ஸ்டூடியோ மானிட்டரின் பலம் ஆர்.ஜி.பி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி வயர். கூடவே, கோட்டை எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் சிங்க் சிக்னல். எதுவும் கலப்பதில்லை, பிரிக்க வேண்டியதும் இல்லை. திருகிப் பூட்டும் பி.என்.சி சாக்கெட்டில் சொருக வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்.ஜி.பி வர வேண்டுமானால் மெஷின் அதை அனுப்ப வேண்டுமே! மெகா டிரைவ், சூப்பர் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் 1, 2 ஆகியவை அனுப்பும். இந்தியாவில் லட்சக்கணக்கானோர் ஆடிய சாமுராய், மைக்ரோ ஜீனியஸ், லிட்டில் மாஸ்டர் மாதிரி மெஷின்கள் அனுப்பாது. அவற்றின் சிப்பிலிருந்தே ஏ.வி கலவையாகத்தான் படம் வெளியே வருகிறது. ஒரிஜினல் நின்டெண்டோ என்.இ.எஸ்ஸும் அப்படித்தான். இவற்றைப் பல ஆயிரம் ரூபாய் மானிட்டரில் மஞ்சள் வயர் வழியாகச் சொருகினால், மானிட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். அதாவது, அந்த சிக்னலில் இருக்கும் ஒவ்வொரு அழுக்கையும் பளிச்சென்று காட்டும்!

அருவியா, வெறும் கோடா?

சோனிக் கேம் ஆடியவர்களுக்கு முதல் கட்டத்தில் வரும் அருவி தெரியும். மெகா டிரைவ் மெஷினால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் நிறத்தை உருவாக்க முடியாது. அதனால் கேமை உருவாக்கியவர்கள் ஒரு புள்ளி தண்ணீர், அடுத்த புள்ளி காலி என்று செங்குத்துக் கோடுகளாக வரைந்தார்கள். வீட்டு டிவியின் மஞ்சள் வயர் வழியாக வரும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் கலந்து, தண்ணீருக்குப் பின்னால் பாறை தெரிவது போல ஆகிவிடும். அதே கேமை ஆர்.ஜி.பியில் ஸ்டூடியோ மானிட்டரில் பாருங்கள். அருவி காணாமல் போய், ஜன்னல் கம்பி மாதிரி வரிவரியாகக் கோடு நிற்கும்.

கேமின் நிறத்தையும் நிழலையும் தீர்மானித்த பலர் வீட்டு டிவியை மனதில் வைத்துத்தான் வேலை செய்தார்கள். எனவே "ஸ்டூடியோ மானிட்டரில் தெரிவதுதான் ஒரிஜினல்" என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

புதுச்சேரியின் மூன்றாவது வழி: பிரெஞ்சு டிவி

இப்போது புதுச்சேரி விஷயத்துக்கு வருவோம். பிரான்ஸ் 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரியை சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க இங்குள்ளவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் தரப்பட்டது. அப்படித் தேர்ந்தெடுத்த குடும்பங்களும், பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் குடும்பங்களும், பிரான்சுக்கும் புதுச்சேரிக்கும் போய் வருபவர்களும் இந்த ஊரில் இன்றும் உண்டு. ஊருக்குத் திரும்பும்போது டிவி, ரேடியோ கொண்டுவந்த வீடுகளும் உண்டு.

இதற்கும் கேமுக்கும் என்ன சம்பந்தம்? இந்தியா கலர் ஒளிபரப்புக்கு ஜெர்மனியில் உருவான பால் முறையை எடுத்துக்கொண்டது. பிரான்ஸ் தன் சொந்தத் தயாரிப்பான செகாம் முறையை 1967 முதல் பயன்படுத்தியது. இரண்டும் ஒத்துப்போகாது. பால் முறை கேம் மெஷினை செகாம் மட்டும் தெரிந்த டிவியில் சொருகினால் நிறம் வராது, படம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். இந்தச் சிக்கலுக்கு பிரான்சிலேயே மருந்தும் இருந்தது. ஸ்கார்ட் என்ற 21 பின் கொண்ட பெரிய சாக்கெட். 1980களின் தொடக்கத்திலிருந்து பிரான்சில் விற்ற டியூப் டிவிக்களில் இது கட்டாயமாக இருந்தது. இதன் வழியாக ஆர்.ஜி.பி அனுப்பலாம். நிறம் தனித்தனி வயரில் வந்துவிட்டால் பாலும் வேண்டாம், செகாமும் வேண்டாம்.

விளைவு என்ன தெரியுமா? பல நாடுகளில் பெரும்பாலும் ஸ்டூடியோவில் மட்டும் இருந்த வசதி, பிரான்சில் சாதாரண வீட்டு டிவியிலேயே வந்துவிட்டது. அங்கே மெகா டிரைவ் ஆடிய பையன்கள் அப்போதே ஆர்.ஜி.பியில் ஆடினார்கள். (என்.இ.எஸ் மட்டும் விதிவிலக்கு. பிரான்சில் விற்ற மாடலில் ஏ.வி சிக்னலைப் பிரித்து ஆர்.ஜி.பி ஆக்கும் சிறிய போர்டு இருந்தது. கலந்த பாலைப் பிரித்த கதைதான், தெளிவு பெரிதாகக் கூடவில்லை.)

ஆகவே புதுச்சேரியில் உங்கள் வீட்டிலோ, சொந்தக்காரர் வீட்டிலோ பிரான்சிலிருந்து வந்த டியூப் டிவி தூங்கிக்கொண்டிருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்வாக வெட்டிய, நீளமான சாக்கெட் இருந்தால் அதுதான் ஸ்கார்ட். இரண்டு சாக்கெட் இருந்தால் ஒன்றில் மட்டும் ஆர்.ஜி.பி வேலை செய்வது சகஜம், இரண்டிலும் சொருகிப் பாருங்கள். நம்ம ஊர் கேபிள் டிவி அதில் ஒழுங்காக வராமல் போயிருக்கலாம். கேமுக்கு அது பிரச்சினையே இல்லை. மின்சாரமும் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்குக்கு மட்டும் அடாப்டர் தேவைப்படலாம்.

பிரெஞ்சு டிவி இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். 2000க்குப் பிறகு இந்தியாவில் விற்ற 21 இன்ச், 29 இன்ச் ஃபிளாட் டியூப் டிவிக்கள் பலவற்றில் டிவிடி பிளேயருக்காக பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று சாக்கெட் வைத்தார்கள். இது காம்போனென்ட். ஆர்.ஜி.பிக்குக் கிட்டத்தட்ட சமமான தரம். பிளேஸ்டேஷன் 2-ஐ இதில் சொருகினால் கிடைக்கும் படத்தைப் பார்த்துவிட்டு யாரும் பி.வி.எம் தேடிப் போக மாட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: '100 ஹெர்ட்ஸ்' என்று எழுதிய டியூப் டிவியைத் தவிர்த்துவிடுங்கள். அது படத்தைச் சேமித்து இரட்டிப்பாக்கும். எல்.இ.டி போலவே தாமதம் வரும், துப்பாக்கியும் வேலை செய்யாது.

அப்போ யார் எதை வாங்கலாம்?

சாமுராய், மைக்ரோ ஜீனியஸ் ரகம்தான் உங்கள் உலகம் என்றால், ஏ.வி சாக்கெட் உள்ள எந்த 14 அல்லது 21 இன்ச் வீட்டு டிவியும் போதும். அரசு கொடுத்த டிவியும் போதும். காசு செலவழிக்கவே வேண்டாம். பிளேஸ்டேஷன் 2 என்றால் காம்போனென்ட் உள்ள டிவி. மெகா டிரைவ், சூப்பர் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் 1 ஆகியவற்றை ஆர்.ஜி.பி கேபிளோடு வைத்திருப்பவர்கள் ஸ்கார்ட் டிவியோ ஸ்டூடியோ மானிட்டரோ தேடலாம். ஸ்டூடியோ மானிட்டருக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருப்பது இவர்களுக்கு மட்டும்தான்.

அப்படித் தேடும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஸ்டூடியோ, ஆஸ்பத்திரி மானிட்டர்கள் நாளெல்லாம், வருடக்கணக்கில் எரிந்தவை. ஒரே படத்தைக் காட்டிக்கொண்டிருந்ததால் எழுத்துகள் திரையிலேயே தழும்பாகப் பதிந்திருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் சீரியல் மட்டும் ஓடிய வீட்டு டிவியின் டியூப், அதைவிட நல்ல நிலையில் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ரிப்பேர் இன்னொரு விஷயம். வீட்டு டிவியின் எல்.ஓ.டி போய்விட்டால், பழைய டிவி மெக்கானிக் ஒருவர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி ஒன்றை மாட்டிவிட வாய்ப்புண்டு. ஸ்டூடியோ மானிட்டருக்கு அப்படிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டாவது மானிட்டரை வாங்கி, அதிலிருந்து பாகம் எடுப்பதுதான் பலர் கண்ட வழி.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

சண்டே மார்க்கெட்டோ, பழைய சாமான் கடையோ, தெரிந்தவர் வீடோ, ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். குறைந்தது அரை மணி நேரம் ஓடட்டும். குளிர்ந்த டியூப் ஆரம்பத்தில் மங்கலாக இருந்து பிறகு தெளிவானால் பரவாயில்லை. அரை மணி கழித்தும் மங்கல் என்றால் டியூப் தேய்ந்துவிட்டது. வெள்ளைத் திரையைப் போட்டுப் பாருங்கள். மூலையில் மட்டும் பச்சை, ஊதா திட்டுகள் இருந்தால் காந்தப் பாதிப்பாக இருக்கலாம். அதைச் சரி செய்துவிடலாம். திரையை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், பதிந்த எழுத்துகள் இருந்தால் அப்போது தெரியும்.

கடலோர ஊரில் உப்புக் காற்று பெரிய எதிரி. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் கிடந்த பெட்டி என்றால் பின்பக்க சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருக்கா, திருகுகள் துருப்பிடித்திருக்கா என்று பாருங்கள். ஓடும்போது 'சடசட' என்று சத்தமோ, ஓசோன் போன்ற நெடியோ வந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். ஹை வோல்டேஜ் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். வெளிநாட்டு மானிட்டர் என்றால் பின்னால் ஒட்டிய லேபிளைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் நேராகச் சொருகலாம். 100 அல்லது 120 மட்டும் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சொருகினால் அன்றோடு கதை முடிந்தது.

முக்கியமானது: மூடியை நீங்களே கழற்றாதீர்கள். கலர் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குக் கீழே இருக்கும் இணைப்பில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் டியூபுக்குள் தங்கியிருக்கும். யூடியூப் பார்த்து ஆர்.ஜி.பி மாட்டப் போகிறேன் என்று இறங்குபவர்கள், டியூப் டிவி ரிப்பேரில் பழகிய மெக்கானிக்கைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். தூக்குவதும் தனியாக வேண்டாம். 20 இன்ச் மானிட்டர் சுமார் 30 கிலோ வரும், எடை முழுக்க முன்பக்கம் சாயும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் டியூபின் கழுத்து ஒரு தட்டுத் தட்டினாலே உடையும்.

உடைந்ததை, ஓடாததைக் குப்பைத் தொட்டியிலோ காலி மனையிலோ போட வேண்டாம். டியூபின் புனல் போன்ற பின்பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு இருக்கும். மத்திய அரசின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் இதைக் கொடுக்க வேண்டும். செம்புக் கம்பிக்காக டியூபை உடைத்துவிட்டுக் கண்ணாடியை அப்படியே வீசிப் போகிறவர்களிடம் கொடுத்தால், அந்த ஈயம் யார் வீட்டு மண்ணில் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.